சூரை மீனின் ஆறு மணி நேரம்

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சூரைக் குழம்பு. சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது, வீட்டில் ஒருவருக்கு முகம் குப்பென்று சிவக்கிறது. காது மடல் எரிகிறது, தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக அரிப்பு. அதே சட்டியில் கோரிச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஒரு அவில் ஊசி போட்டு, "உங்களுக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை, இனி சூரை சாப்பிடாதீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிடும். அவரும் அதன் பிறகு ஆயுசுக்கும் சூரையைத் தொடமாட்டார்.

சூரை ஆகாது, அயிலை ஆகாது என்று சொல்பவர்களை நாஞ்சில் நாட்டில் எந்தப் பந்தியிலும் பார்க்கலாம். அவர்களில் சிலருக்கு உண்மையாகவே ஒவ்வாமை உண்டு. மற்றவர்கள் ஒருநாள் கெட்ட மீனைச் சாப்பிட்டு, பழியைத் தங்கள் உடம்பின் மேல் போட்டுக்கொண்டவர்களாக இருக்கக்கூடும்.

ஒவ்வாமை வந்தால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் இந்தக் குழப்பம் புரியும். ஏதோ ஒரு புரதத்தைப் பகை என்று நினைத்து நம் உடம்பின் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. சிவப்பு, அரிப்பு, தடிப்பு எல்லாம் அதன் வேலை. சூரைக் குழம்பு விஷயத்தில் அந்த ஹிஸ்டமின் உடம்பில் உண்டாகவில்லை. மீன் துண்டுக்குள்ளேயே தயாராக இருந்து உள்ளே போனது. பொருள் ஒன்றே என்பதால் அறிகுறியும் ஒன்று, கேட்கும் மருந்தும் ஒன்று. ஊசி போட்டதும் சரியாகிவிடுவதால் அலர்ஜி என்ற முடிவும் உறுதியாகிவிடுகிறது. மருத்துவர்கள் இதை ஸ்காம்பிராய்டு நஞ்சு என்பார்கள். ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதற்கும் விளக்கம் இருக்கிறது: ஹிஸ்டமின் ஒரு மீனில் எல்லா இடத்திலும் சமமாக ஊறிக் கிடப்பதில்லை. ஒரு துண்டில் மிதமிஞ்சி இருக்கும், பக்கத்துத் துண்டில் பேருக்குத்தான் இருக்கும். யாருக்கு எந்தத் துண்டு விழுந்தது என்பதுதான் கணக்கு.

ஏன் சூரை, ஏன் அயிலை, ஏன் சாளை? நவரைக்கும் வாவலுக்கும் இந்தக் கெட்ட பெயர் ஏன் இல்லை?

சூரை நிற்காத மீன். நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே தண்ணீர் பாய்ந்து அதற்கு மூச்சு ஓடும். இரை கண்டால் சட்டென்று வேகம் எடுக்கும். அந்த வேகத்துக்குத் தசைக்கு வந்து சேரும் ஆக்சிஜன் போதாது. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரித்தால் தசையில் அமிலம் சேரும், அமிலம் சேர்ந்தால் தசை சோர்ந்துவிடும். அதற்கு இந்த மீன்கள் கண்ட வழி ஹிஸ்டிடின். இது ஒரு அமினோ அமிலம். புரதத்தில் கோத்திருப்பது போக, தனியாகவும் தசைக்குள் ஏராளமாக இருக்கும். அமிலத்தில் இருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு தசையைக் காப்பாற்றும். சூரையின் சதையில் கிலோவுக்குப் பல கிராம் அளவுக்கு இப்படிச் சும்மா மிதக்கும் ஹிஸ்டிடின் உண்டு. மெதுவாக நடமாடும் வெள்ளைச் சதை மீன்களில் இது மிகவும் குறைவு.

மீன் செத்த பிறகு கதை மாறுகிறது. செவுளிலும் குடலிலும் அதுவரை அடங்கிக் கிடந்த பாக்டீரியாக்கள் சதைக்குள் பரவத் தொடங்கும். அவற்றில் பேர்போனது மார்கனெல்லா மார்கனி. செத்த மீனின் தசையில் லாக்டிக் அமிலம் தேங்கியிருப்பதால் அங்கே புளிப்பு அதிகம். புளிப்பில் பாக்டீரியாவுக்கும் வாழ்வது சிரமம். அது என்ன செய்கிறது என்றால், தன்னிடம் உள்ள ஒரு நொதியைக் கொண்டு ஹிஸ்டிடினில் இருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிடுகிறது. அப்படிக் கழற்றும்போது ஒரு ஹைட்ரஜன் அயனி செலவாகும், புளிப்பு கொஞ்சம் தணியும். கழற்றியது போக மிஞ்சி நிற்பதுதான் ஹிஸ்டமின். உயிரோடு இருந்தபோது எந்தத் தொல்லைக்காக மீன் ஹிஸ்டிடினைச் சேர்த்து வைத்ததோ, அதே தொல்லைக்காகத்தான் செத்த மீனில் பாக்டீரியாவும் அதை எடுத்துக்கொள்கிறது. கடலில் ஓடித் தப்பிக்க உதவிய சரக்கு, அடுப்பங்கரையில் நமக்கு நஞ்சாக வந்து நிற்கிறது.

ஒரு கிலோ சதையில் 10 கிராம் ஹிஸ்டிடின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றில் மூன்று பங்கு மாறினாலே 200 மில்லிகிராம் ஹிஸ்டமின் ஆகிவிடும்; பின்னால் பார்க்கப்போகும் எல்லை அது. மிச்சம் 97 பங்கு அப்படியே இருக்கும், சதையும் கெட்டியாக இருக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

மூக்குக்கும் தெரியாது. சிக்கலே அதுதான். மீன் வாங்குவதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பாடத்திட்டமே உண்டு. "இப்பம் கரைக்கு வந்ததாக்கும் மக்கா, செவுளைப் பாரு" என்று விற்கிற அக்கா சொல்லி முடிப்பதற்குள் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்த்திருப்பார், முதுகில் கட்டைவிரலை அமுக்கியிருப்பார், கண் குழிந்திருக்கிறதா என்று பார்த்திருப்பார், கடைசியாக மூக்கருகே கொண்டுபோவார். இந்தச் சோதனைகள் பெரும்பாலும் சரியானவை. மீன் கெட்டால் வரும் நாற்றம் டிரைமெத்தில் அமைன் என்ற வாயுவில் இருந்து வருகிறது. கடல் உப்பைச் சமாளிக்க மீன்கள் தம் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பொருளை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது இது உண்டாகும். அது காரத்தன்மை உடையது. அதனால் அதன் மேல் புளிப்பு பட்டால் உப்பாக மாறி ஆவியாகாமல் குழம்பிலேயே தங்கிவிடும். மீனை எலுமிச்சையும் கல்லுப்பும் போட்டுக் கழுவுவதும், புளிமுளக் குழம்புக்குப் புளியைத் தாராளமாகக் கரைப்பதும், மாங்காய்க் காலத்தில் மாங்காயும் மற்றக் காலத்தில் குடம்புளியும் போடுவதும் ருசிக்காக மட்டும் வந்த வழக்கமாக எனக்குத் தோன்றவில்லை. வேதியியல் படிக்காமலே கண்டுபிடித்த வேதியியல் அது. சுறா கெட்டால் இன்னும் சுலபம். அதன் சதையில் யூரியா உண்டு. அது அம்மோனியாவாக மாறித் தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

ஹிஸ்டமினுக்கு மணம் கிடையாது. புளி அதை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் வெயிலில் காய வைத்தாலும் டப்பாவில் அடைத்துச் சூடாக்கினாலும் அது அழியாது. சூடு பாக்டீரியாவைக் கொல்லும், அதன் நொதியையும் முடக்கும். ஆனால் அதுவரை உண்டாகிவிட்ட ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். கெட்ட சூரையைக் கருவாடாக்கினால் கெட்ட கருவாடுதான் கிடைக்கும். ஆக, மூக்கு பிடிக்கும் கெடுதல் வேறு, இந்தக் கெடுதல் வேறு. இரண்டும் பல சமயம் சேர்ந்தே வரும். சேராமல் வரும்போதுதான் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

2018 ஜூனில் கேரள அரசு 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் எல்லைச் சோதனைச் சாவடிகளில் மீன் லாரிகளை நிறுத்திச் சோதித்தது. களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் அமரவிளையில் மீன் கெடாதிருக்கப் பார்மலின் கலந்த சரக்கு பிடிபட்டபோது நம் குமரி மாவட்டத்திலும் மீன் வாங்கவே ஆட்கள் தயங்கினார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கண்டுபிடித்த, பார்மலினைக் காட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டை அந்தச் சோதனைகளுக்குக் கைகொடுத்தது. பார்மலின் பயம் நியாயமானதுதான். ஆனால் பார்மலினுக்குக் கிடைத்த தலைப்புச் செய்தியில் பத்தில் ஒரு பங்குகூட ஹிஸ்டமினுக்குக் கிடைத்ததில்லை. இத்தனைக்கும் பார்மலின் தெளிப்பவர் எதற்காகத் தெளிக்கிறார்? ஐஸுக்குச் செலவழிக்க மனமோ காசோ இல்லாததால். இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்.

ஐஸ் எவ்வளவு வேண்டும் என்பதை வீட்டுக் கணக்காகவே போட்டுவிடலாம். ஒரு கிலோ மீனை 30 டிகிரியில் இருந்து பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 108 கிலோஜூல் வெப்பத்தை அதில் இருந்து எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலை உறிஞ்சும். அப்படியானால் குளிர வைக்க மட்டும் மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அது முடிந்த பிறகு பெட்டியின் சுவர் வழியாகவும் மூடியைத் திறக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும் வெப்பத்துக்குத் தனிக்கணக்கு. நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்கு மீனுக்குச் சரி எடை ஐஸ் என்று மீன்வளத் துறையினர் சொல்வது இதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு சந்தையில் பாருங்கள். தகரப் பலகை மேல் குவித்த சாளையின் மீது உச்சியில் இரண்டு கை நொறுக்கிய ஐஸ் மினுங்கும். மேலே இருக்கும் ஐம்பது மீன் குளிரும், அடியில் கிடப்பவை வெயிலில் கிடப்பவைதான். நொறுக்கிய ஐஸ் மீனுக்கு மீன் இடையில் இருக்க வேண்டும். பெரிய சூரை என்றால் குடலை எடுத்துவிட்டு வயிற்றுக்குள்ளும் செவுளுக்குள்ளும் திணிக்க வேண்டும். ஏனென்றால் சூரை இனம் சுற்றியுள்ள கடல் நீரைவிடத் தன் தசையைச் சூடாக வைத்துக்கொள்ளும் மீன். வெளித்தோல் சில்லிட்டாலும் நடுமுள் அருகே சூடு வெகுநேரம் தங்கும்.

ஹிஸ்டமினைச் செய்யும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 4 டிகிரிக்குக் கீழே முடங்கிவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் இதை மணிக்கணக்காக மாற்றித் தருகிறது: காற்றோ கடல் நீரோ 28.3 டிகிரிக்கு மேல் இருந்தால், மீன் செத்த 6 மணி நேரத்துக்குள் அது ஐஸுக்குள் போயிருக்க வேண்டும். அதற்குக் குறைவான சூட்டில் 9 மணி நேரம். சித்திரை, வைகாசியில் குமரிக் கடலுக்கு 6 மணி நேரக் கெடுதான். அந்தக் கெடு மீன் கரைக்கு வந்த நேரத்தில் இருந்து ஓடுவதில்லை, படகில் ஏறிய நேரத்தில் இருந்தும் ஓடுவதில்லை. செத்த நேரத்தில் இருந்து ஓடுகிறது.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று வரிசையாக இருக்கும் ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தூண்டில் கயிற்றைக் கிலோமீட்டர் கணக்கில் கடலில் விட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து இழுப்பார்கள். இழுக்கும்போது சில சூரை துள்ளும், சில செத்து விறைத்திருக்கும். நடுராத்திரி கொக்கியில் மாட்டிப் போராடிச் செத்த மீன் விடிந்த பிறகு தளத்துக்கு வந்தால், கெடு பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிட்டது. பிறகு அது ஐஸ் அறைக்குள் போகும். அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கும் படகில் முதல் வாரம் பிடித்ததும் கடைசி நாள் பிடித்ததும் தேங்காய்ப்பட்டணத்திலோ கொச்சியிலோ ஒரே நாளில்தான் இறங்கும். நல்ல ஐஸில் கிடந்த பழைய மீன், வெயிலில் அரை நாள் கிடந்த புது மீனைவிட மேலானது என்பதை வாங்குபவர்கள் ஒப்புக்கொள்வது கஷ்டம். 'ஐஸ் மீனா, வேண்டாம்' என்று முகம் சுளிக்கும் பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை.

இனி சட்டம். ஆட்டையும் மாட்டையும் பொறுத்தவரை சட்டத்தின் யோசனை தெளிவானது: உயிரோடு ஒருமுறை பார், அறுத்த பிறகு ஒருமுறை பார். 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள், ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், ஒரு நாளைக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்று எண்ணிக்கையே போட்டுக் கொடுத்திருக்கின்றன. அவசரத்தில் பார்த்தால் தவறிவிடும் என்ற எண்ணம். ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் தொங்கும் ஆட்டுக்கு இது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு பேச்சு. மீனுக்கு இந்த வழி ஆகவே ஆகாது. அதை உயிரோடு யாரும் பரிசோதிக்க முடியாது. கடல் முழுக்க இறைச்சிக்கூடம் கட்டவும் முடியாது. நோயைத் தேடும் கண்ணுக்குப் பதில் நேரத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கை வேண்டும்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த 1954ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டத்துக்கு, பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்று யாராவது கலப்பதன் மேல்தான் முக்கியமான பார்வை. புதிய சட்டம் உணவு பாதுகாப்பானதா என்று கேட்டது, நல்ல முன்னேற்றம். ஆனால் அதன் 18ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது: விவசாயிக்கும், தன் தொழிலைச் செய்யும் மீனவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, மீன் மீனவரின் கையில் இருக்கும்வரை சட்டத்தின் பார்வை அதன் மேல் விழாது. ஏலம் முடிந்து வியாபாரி கைக்கு மாறிய பிறகுதான் விழும். ஹிஸ்டமினின் கடிகாரமோ கொக்கியில் தொடங்கிவிடுகிறது. சட்டம் கண் விழிக்கும்போது பல சமயம் அந்த 6 மணி நேரம் முடிந்திருக்கும்.

அந்த விலக்கு தவறு என்று நான் சொல்லமாட்டேன். வள்ளத்தில் போய் ஐந்து கிலோ அயிலையோடு வருபவரிடம் உரிமம் எங்கே, வெப்பமானி எங்கே என்று கேட்டு அபராதம் போடும் சட்டத்தை யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. தண்டிக்கக் கூடாது, சரி. ஆனால் ஊரின் உடல்நலத்துக்கான முதல் செலவு, அதாவது ஐஸ் செலவு, முழுக்க அந்த மீனவர் தலையில்தான் விழுகிறது. அதிக ஐஸ் போட்டுக் கொண்டுவந்த மீனுக்கு ஏலத்தில் அதற்கென்று அதிக விலை கிடைப்பதில்லை. யாரும் அளந்து பார்க்காத நல்ல குணத்துக்குச் சந்தையில் விலை ஏது?

அளக்கும் இடத்தில் விலை உண்டு. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைகளைச் சொல்லி இந்திய மீன் இறக்குமதியை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் கடல் உணவுக்குக் கடுமையான கட்டுப்பாட்டு முறையைக் கட்டாயமாக்கியது. நம் ஏற்றுமதி ஆலைகள் குளிர்சாதனம், தண்ணீர், பதிவேடு என்று எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டன. ஐரோப்பாவில் ஒரு சரக்கில் இருந்து ஒன்பது மாதிரிகள் எடுக்க வேண்டும். ஹிஸ்டமின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஒன்றுகூட 200ஐத் தாண்டக் கூடாது. ஒன்பது மாதிரி எதற்கு என்றால், முன்பு சொன்ன அதே காரணம்: ஒரு துண்டில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. 200 என்ற எண்ணுக்குப் பின்னாளில் ஒரு கணக்கும் கிடைத்தது. 2012இல் ரோமில் கூடிய உலக உணவு, வேளாண் அமைப்பு மற்றும் உலக சுகாதார அமைப்பின் நிபுணர்கள், ஆரோக்கியமான ஒருவருக்கு 50 மில்லிகிராம் ஹிஸ்டமின்வரை தொல்லை தராது என்று கணக்கிட்டார்கள். ஒருவர் ஒரு வேளைக்கு அதிகமாகப் போனால் 250 கிராம் மீன் சாப்பிடுவார். கால் கிலோவுக்கு 50 என்றால் கிலோவுக்கு 200. இந்திய விதிகளிலும் இதே எல்லை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எழுதிய எல்லையை அளக்க ஆய்வகமும் ஆளும் நேரமும் வேண்டும். காலையில் வாங்கி மத்தியானம் குழம்பாகிவிடும் மீனுக்கு ஆய்வக முடிவு எப்போது வந்து என்ன பயன்? ஒரே கடலில் ஒரே நாள் பிடித்த மீன், கப்பல் ஏறினால் ஒரு சட்டத்தையும் சந்தைக்கு வந்தால் இன்னொரு சட்டத்தையும் சந்திக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. இந்தியாவில் இரண்டு மீன்பிடித் தடைக்காலமும் ஒரே மாவட்டத்துக்குள் வருவது இங்கேதான். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் வள்ளங்கள் கொண்டுவருவது போக, மிச்சத் தேவைக்கு வெளியூர் லாரிகள் வரும். லாரி மீனைக் குறை சொல்லவில்லை. அதன் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஐஸ் உருகி மறுபடி போடப்பட்டதா என்பதுதான் கேள்வி. பாக்டீரியா ஒருமுறை பெருகி நொதியைச் செய்துவிட்டால், பிறகு குளிரில் அது அடங்கினாலும் நொதி மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். உறைய வைத்து எடுத்தாலும் நொதி சாகாது. போடும் ஐஸின் தண்ணீரும் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். உணவுக்கு ஆகாத ஐஸுக்கு நீல நிறம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. நீல ஐஸைச் சந்தையில் பார்த்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள்.

அந்த 50 மில்லிகிராம் கணக்கு ஆரோக்கியமான ஆளுக்கு என்பதையும் மறக்கக் கூடாது. சாப்பாட்டோடு வரும் ஹிஸ்டமினைக் குடலிலேயே சிதைக்க நமக்கு ஒரு நொதி இருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரை அந்த நொதியின் வேலையைக் கெடுக்கும். குமரிமுனைக்கு எதிர்க்கரையான இலங்கையில், மார்பு நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட 1970களில் இதைக் கவனித்தார். இந்த மாத்திரை சாப்பிடும் நோயாளிகள் சிலருக்குச் சூரை இன மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வந்தது. மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடும் ஆபத்து அதில் இருந்தது. உரகொடவும் எஸ். ஆர். கோட்டேகொடவும் 1977இல் மீனையும் மாத்திரையையும் சேர்த்து விளக்கி எழுதினார்கள். புரதம் நிறையச் சாப்பிடுங்கள் என்று காசநோயாளிக்குச் சொல்லும் ஊரில், மலிவான நல்ல புரதம் என்றால் சாளையும் சூரையும்தானே. எந்த மீன், எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்ய முடிந்தது சிறிதுதான், ஆனால் பயனுள்ளது. சூரை, அயிலை, சாளை வாங்கினால் நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு நாலு இடம் சுற்றக் கூடாது. வந்ததும் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டால் பாக்டீரியாவில் பெரும்பங்கு அதோடு போய்விடும். உடனே சமைக்காவிட்டால் பிரிட்ஜுக்குள். வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் நாக்கு சுறுசுறு என்றால், குழம்பில் காரம் சரியாக இருந்தாலும் அந்தத் துண்டை ஒதுக்கிவிடலாம்.

பழைய மீன் குழம்பைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். மறுநாள் காலையில் பழஞ்சோற்றோடு சாப்பிடும் அந்தக் குழம்புக்கு இந்தக் குற்றத்தில் பங்கில்லை. முதல் நாள் நன்றாகக் கொதித்தபோதே பாக்டீரியாவும் அதன் நொதியும் ஒழிந்துவிட்டன. புதிதாகக் கரண்டி வழியாகவும் கை வழியாகவும் பாக்டீரியா புகாமல் மூடி வைத்து, காலையில் திரும்பக் கொதிக்க வைத்தால், ராத்திரியில் இருந்த ஹிஸ்டமின் எவ்வளவோ அவ்வளவுதான் காலையிலும் இருக்கும். அது எவ்வளவு என்பது அடுப்பில் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது.